தேர்வு அட்டவணையும் திரை அட்டவணையும்: வாசகர் கேள்வி–பதில்

திரைப்படம், பாட்டு, தெரு விளையாட்டு முதலியவற்றின் ஏற்ற இறக்கங்களுக்கும் பருவங்களுக்கும் பள்ளி நாட்காட்டிக்கும் உள்ள உறவைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் ஒன்றையொன்று ஒத்திருந்தவற்றைச் சேர்த்து, இங்கே விடையளிக்கிறோம்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெரிய நடிகர்களின் படங்கள் பெரும்பாலும் வெளிவருவதில்லை. பொதுத்தேர்வு எழுதுபவர்கள் மாநில மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதிதானே? அவர்களுக்காகவா இவ்வளவு தயக்கம்?
— வாசகர், திருச்சி

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் எடுத்துக்கொண்டால், வகுப்பு ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 8 முதல் 9 லட்சம் மாணவர்கள் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். மொத்த மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் நீங்கள் சொல்வதுபோல் இது சிறிய எண்தான். ஆனால் திரையரங்கக்காரர்கள் தலைகளை எண்ணுவதில்லை, வீடுகளை எண்ணுகிறார்கள். தேர்வு எழுதும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளை மட்டுமல்லாமல் தாயும் தந்தையும் தம்பி தங்கையும் பாட்டியும் சேர்ந்து வீட்டிலேயே அடைபட்டுவிடுகிறார்கள். தொலைக்காட்சியின் ஒலியே குறைக்கப்படும் வீட்டிலிருந்து குடும்பத்தோடு படத்துக்குக் கிளம்புவது யாருக்கும் மனம் வராத செயல். பக்கத்து வீட்டுப் பிள்ளை தேர்வு எழுதினால்கூட, ‘அவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போது நாம் படம் பார்த்துவிட்டு வந்தால் என்ன நினைப்பார்கள்’ என்று தயங்கும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. இவற்றோடு ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுத்தேர்வு தொடர்ந்து வருகிறது என்பதையும் கணக்கில் சேர்த்தால், பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முதல் வாரங்கள் வரை குடும்பப் பார்வையாளர் என்ற வகையே ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

பெரிய படத்துக்குக் குடும்பக் கூட்டம் இல்லாமல் முடியாது. முதல் மூன்று நாள்களை ரசிகர்கள் நிரப்பிவிடுவார்கள். நான்காம் நாளிலிருந்து அரங்கை நிரப்ப வேண்டியவர்கள் குடும்பத்தினரே. ஆகவே பெரிய படங்கள் ஒதுங்கிக்கொள்ள, காலியான திரைகள் சிறிய படங்களுக்கும் புதுமுகங்களுக்கும் கிடைக்கின்றன. மற்ற மாதங்களில் ஒரு நாளைக்கு ஒரு காட்சி கிடைக்காமல் திண்டாடும் இயக்குநருக்கு இந்தத் தேர்வுக் காலம் ஒரு வாய்ப்பு என்பது பலர் கவனிக்காத செய்தி. அந்த வாரங்களிலும் தடையின்றி அரங்குக்கு வரக்கூடியவர்கள் கல்லூரி மாணவர்களும் இளம் பணியாளர்களும்தான்; அவர்களின் தேர்வுகள் ஏப்ரல், மே மாதங்களில் வருபவை. எனவே பிப்ரவரியில் காதல் கதைகள் மிகுதியாக வருவதற்குக் காதலர் தினம் ஒரு காரணம் என்றால், அரங்கில் அப்போது மிஞ்சியிருப்பவர் யார் என்பது அதைவிடப் பெரிய காரணம். ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ 2010 பிப்ரவரி 26 அன்று வெளிவந்து வெற்றி பெற்றதை இந்தப் பின்னணியில் பார்த்தால் வியப்பொன்றும் இல்லை.

ஒரு காலத்தில் தீபாவளிப் படம் என்றால் அதற்கு இருந்த மதிப்பே வேறு. இப்போது பொங்கல் அதை முந்திவிட்டதுபோல் தோன்றுகிறதே?
— வாசகி, கும்பகோணம்

தோற்றம் மட்டுமன்று, பெரிய அளவில் உண்மையும்கூட. தீபாவளியின் பழைய பெருமையைச் சொல்ல ‘ஹரிதாஸ்’ ஒன்றே போதும். 1944 தீபாவளிக்கு வெளியான அந்தப் படம் சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பிற்காலத்தில் 1987-இல் ‘நாயகன்’, ‘மனிதன்’ ஆகியவையும், 1991-இல் ‘தளபதி’, ‘குணா’ ஆகியவையும், 1995-இல் ‘முத்து’, ‘குருதிப்புனல்’ ஆகியவையும் ஒரே தீபாவளியில் எதிரெதிரே நின்றன. அதே வகையான மோதல்களை இந்த நூற்றாண்டில் தேடினால் அவை பொங்கலில் கிடைக்கின்றன: 2014-இல் ‘ஜில்லா’, ‘வீரம்’, 2019-இல் ‘பேட்ட’, ‘விஸ்வாசம்’, 2023-இல் ‘வாரிசு’, ‘துணிவு’.

இந்த மாற்றத்துக்குக் காரணம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. பொங்கல் சூரியனின் நகர்வைப் பின்பற்றும் பண்டிகை. தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15-ஐ விட்டு நகர்வதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தேதியைக் குறித்துக்கொண்டு படப்பிடிப்பைத் திட்டமிடலாம். தீபாவளியோ தேய்பிறையைப் பின்பற்றுவது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால், அது ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, கணக்கைச் சரிசெய்யக் கூடுதலாக ஒரு மாதம் சேரும் ஆண்டில் மீண்டும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. விஜய் நடித்த மூன்று படங்கள் அடுத்தடுத்த மூன்று தீபாவளிகளுக்கு வந்தன. ‘மெர்சல்’ 2017 அக்டோபர் 18 அன்றும், ‘சர்கார்’ 2018 நவம்பர் 6 அன்றும், ‘பிகில்’ 2019 அக்டோபர் 25 அன்றும் வெளியாயின. ஒரே பண்டிகை, ஆனால் ஏறத்தாழ மூன்று வாரம் வரை வேறுபாடு. காலாண்டு விடுமுறை முடிந்த சூட்டோடு ஓர் ஆண்டும், அரையாண்டுத் தேர்வை நோக்கிப் பிள்ளைகள் உட்காரும் வேளையில் மறு ஆண்டும் தீபாவளி வந்தால், இரண்டாவது வாரத்து வசூல் ஒன்றுபோல் இருக்காது.

மேலும் தீபாவளி பெரும்பாலும் ஒரு நாள் விடுமுறை. அந்த ஒரு நாளும் எண்ணெய்க் குளியல், பலகாரம், பட்டாசு, உறவினர் என்று வீட்டுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. வெளியே வடகிழக்குப் பருவமழை வேறு காத்திருக்கிறது. பொங்கலுக்குப் போகி நீங்கலாகவே மூன்று நாள் அரசு விடுமுறை உண்டு, மழையும் ஓய்ந்திருக்கும், நெல்லும் கரும்பும் விற்ற பணமும் ஊர்ப்புறத்தில் புழங்கும். தீபாவளிக்குப் பக்கபலமாக இருந்தது ஆலைத் தொழிலாளர்களின் போனஸ். கோவை, மதுரை போன்ற நகரங்களில் பஞ்சாலைகள் செழித்திருந்த காலத்தில் அந்தப் பணம் துணிக்கடையிலிருந்து நேராகத் திரையரங்குக்குச் சென்றது. ஆலைகள் மூடப்பட்டதும் தீபாவளி வசூலின் ஒரு தூண் சரிந்தது என்பது என் கருத்து.

ஆடி மாதத்தில் படம் வெளியிடக் கூடாது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறதா?
— வாசகர், ஈரோடு

‘கபாலி’ 2016 ஜூலை 22 அன்று வெளிவந்தது, அது ஆடி. ‘ஜெயிலர்’ 2023 ஆகஸ்ட் 10 அன்று வெளிவந்தது, அதுவும் ஆடி. நம்பிக்கையைச் சொன்னவர்கள் அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஆனால் அந்த நம்பிக்கைக்கு அடியில் ஒரு கணக்கு இருந்தது. ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம், காலணி எல்லாம் வாங்கி முடித்த நடுத்தரக் குடும்பத்தின் பணப்பை ஆடியில் மெலிந்திருக்கும். திருமணங்கள் இல்லாததால் வணிகமும் மந்தமாக இருக்கும். துணிக்கடைக்காரர் தள்ளுபடி கொடுத்து அந்த மந்தத்தைச் சமாளித்தார். படக்காரர் தேதியைத் தள்ளிவைத்துச் சமாளித்தார். இப்போது ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய தொடர் விடுமுறை, ஆடியின் கடைசி நாள்களையே விலைமதிப்புள்ள தேதியாக மாற்றிவிட்டது.

கோடையில் படங்கள் ஓடுவது விடுமுறையாலா, வெயிலாலா?
— வாசகர், வேலூர்

வேலூரிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தமே. இரண்டாலும்தான், ஆனால் வெயிலின் பங்கு குளிரூட்டும் இயந்திரத்துக்குப் பிறகே நம் பக்கம் திரும்பியது. அமெரிக்காவில் முற்காலத்தில் கோடை என்றால் திரையரங்குகளுக்குச் செத்த காலம். மூடிய அரங்கின் புழுக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். 1925-இல் நியூயார்க்கின் ரிவோலி அரங்கில் வில்லிஸ் கேரியர் தம் குளிரூட்டும் அமைப்பைப் பொருத்திய பிறகு, வெயிலே கூட்டத்தை உள்ளே துரத்தத் தொடங்கியது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1975 ஜூன் 20 அன்று வெளியான ‘ஜாஸ்’ கோடையையே அவர்களின் மிகப் பெரிய வெளியீட்டுக் காலமாக மாற்றியது. நம் ஊரிலும் ‘குளிர்சாதன வசதி செய்யப்பட்டது’ என்ற வாசகம் சுவரொட்டியில் நடிகரின் பெயருக்குச் சமமாக அச்சிடப்பட்ட காலம் உண்டு. வீடுகளில் ஏ.சி. அரிதாக இருந்தபோது, பகல் காட்சிக்கு வாங்கும் சீட்டு மூன்று மணி நேரக் குளிர்ச்சிக்கான வாடகையாகவும் இருந்தது.

விடுமுறையின் பங்கு இன்னும் தெளிவானது. தேர்வு முடிவதும் சித்திரை முதல் நாளும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால், ஏப்ரல் நடுப்பகுதி இயல்பாகவே ஒரு திறப்பு விழாவாகிறது. ‘படையப்பா’ 1999 ஏப்ரல் 10 அன்றும், ‘கில்லி’ 2004 ஏப்ரல் 17 அன்றும் வந்தன. 2005 ஏப்ரல் 14 அன்று ‘சந்திரமுகி’, ‘மும்பை எக்ஸ்பிரஸ்’, ‘சச்சின்’ மூன்றும் ஒரே நாளில் வந்தன. பேய்ப்படமும் நகைச்சுவையும் கலந்த படத்தைக் குழந்தைகளே பெற்றோரை இழுத்துக்கொண்டு பலமுறை பார்த்தார்கள் என்பதைச் ‘சந்திரமுகி’ காட்டியது. ‘தி ஜங்கிள் புக்’ அமெரிக்காவில் 2016 ஏப்ரல் 15 அன்று வெளியாயிற்று; இந்தியாவில் அதற்கு ஒரு வாரம் முன்னதாக, ஏப்ரல் 8 அன்றே வெளியிட்டார்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அப்போது பள்ளி நடந்துகொண்டிருந்தது. நம் நாட்டின் பல மாநிலங்களில் விடுமுறை தொடங்கிவிட்டது அல்லது தொடங்கவிருந்தது.

ஆனால் கோடை முன்புபோல் திரைப்படத்துக்கு மட்டுமே உரியதாக இல்லை. 2008 ஏப்ரல் 18 அன்று தொடங்கிய ஐ.பி.எல். கிரிக்கெட், மாலைக் காட்சியின் இளைஞர்களை ஏறத்தாழ இரண்டு மாதம் தொலைக்காட்சியின் முன் கட்டிப்போடுகிறது. சென்னை அணி ஆடும் நாளில் இரவுக் காட்சிக்குச் சென்று பார்த்தவர்களுக்கு வெற்று இருக்கைகளின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. தேர்தல் வரும் ஆண்டுகளில் ஏப்ரல் இன்னும் இடுங்கிவிடுகிறது. 2019-இலும் 2024-இலும் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு தமிழ்நாட்டில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நடந்தது. 2024 ஏப்ரல் 20 அன்று, வாக்குப்பதிவுக்கு மறுநாள், இருபது ஆண்டுப் பழைய ‘கில்லி’ மறுபடியும் திரைக்கு வந்து அரங்குகளை நிறைத்தது. புதிய பெரிய படம் இல்லாத கோடையில் பழைய படம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

எங்கள் தெருவில் பம்பரம் திடீரென்று ஒரு நாள் தோன்றி எல்லாப் பிள்ளைகள் கையிலும் இருக்கும். சில வாரம் கழித்து ஒருவர் கையிலும் இருக்காது. பிறகு கோலி, பிறகு அட்டைகள். இதை யார் தீர்மானிக்கிறார்கள்?
— வாசகி, மதுரை

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தீர்மானிப்பது தரை. பம்பரம் ஆட இறுகிய, காய்ந்த மண் வேண்டும். ஐப்பசிச் சேற்றில் ஆக்கர் வைக்கவும் (அடுத்தவர் பம்பரத்தை ஆணியால் குத்தவும்) முடியாது, அபீட் எடுக்கவும் (சுழலும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிக் கையில் பிடிக்கவும்) முடியாது. கிட்டிப்புள்ளுக்குத் திறந்த வெளி வேண்டும். அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகும் தை, மாசிக்குப் பிறகு அது கிடைக்கும். கோலிக்குக் குழி தோண்டத்தக்க, ஆனால் தண்ணீர் தேங்காத மண் போதும். ஆகவே பழைய விளையாட்டுகளின் வரிசைக்குப் பருவமே அடிப்படை.

ஆனால் பருவம் வாரக்கணக்கில் மெதுவாக மாறுவது. நீங்கள் சொல்லும் ‘திடீரென்று ஒரு நாள்’ என்பதை அது விளக்காது. அதை விளக்குவது பள்ளிக்கூடம். இந்த இடத்தில் திரைப்படமும் பிள்ளைகளின் மோகங்களும் நேரெதிர்த் திசையில் செல்கின்றன. திரைப்படத்துக்கு வேண்டியவர்கள் ஓய்வாக இருக்கும் பார்வையாளர்கள். ஆகையால் அது விடுமுறையைத் தேடுகிறது. பம்பரத்துக்கும் அட்டைக்கும் புதிய கேலிச்சொல்லுக்கும் வேண்டியது ஒருவரிடமிருந்து ஒருவர் தொற்றிக்கொள்ளும் கூட்டம். நாற்பது பிள்ளைகள் ஒரே அறையில், நானூறு பிள்ளைகள் ஒரே திடலில், நாள்தோறும் ஒரே நேரத்தில் கூடும் இடம் பள்ளியைத் தவிர வேறில்லை. திங்கட்கிழமை ஒருவன் கொண்டுவந்ததை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பே வைத்திருக்கும். கோடை விடுமுறை வந்து பிள்ளைகள் பாட்டி ஊருக்கும் அத்தை ஊருக்கும் சிதறியதும், மோகம் மூச்சடங்கிவிடும். ஜூன் மாதம் திரும்பிக் கூடும்போது பழையதை யாரும் எடுப்பதில்லை. புதிதாக ஒன்றை எவனாவது ஊரிலிருந்து கொண்டுவந்திருப்பான். ஆகவே விடுமுறை புதியதைத் தேடித் தருகிறது, பள்ளி அதைப் பரப்புகிறது என்று சொல்லலாம்.

தொண்ணூறுகளில் மல்யுத்த வீரர்களின் படமும் எடையும் உயரமும் அச்சிட்ட அட்டைகள் பரவிய விதம் இதுதான். அட்டை தனியாக வைத்து ரசிக்கும் பொருளன்று. எதிரே உட்கார்ந்து ‘உன் வீரனின் உயரம் என்ன’ என்று கேட்க இன்னொருவர் வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வந்த வட்ட அட்டைகளும் மதிய உணவு இடைவேளையில் கைமாறியே பெருகின. அண்மைக்கால எடுத்துக்காட்டு 2017-இன் ஸ்பின்னர், அதாவது விரலிடையில் வைத்துச் சுழற்றும் மூவிதழ்ப் பொம்மை. அமெரிக்காவில் அது ஏப்ரல், மே மாதங்களில் வகுப்பறைகளில் காட்டுத்தீயாகப் பரவியது. பல பள்ளிகள் தடை விதித்தன. ஜூனில் அவர்களின் கோடை விடுமுறை தொடங்கும் வேளையில் மோகம் வேகமாக இறங்கிவிட்டது. தடைகளால் தணியாதது விடுமுறையால் தணிந்தது என்றே நான் கருதுகிறேன்.

பம்பரத்துக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. பேபிளேடு என்ற பெயரில் பிளாஸ்டிக், உலோகச் சக்கரங்களோடு வந்த பொம்மை, பெய்கோமா என்ற பழைய ஜப்பானியப் பம்பரத்தின் மறுபிறவி. சாட்டை சுற்றத் தெரியாத பிள்ளைகளும் அதை இழுத்துவிட்டுச் சுழற்ற முடிந்தது. இறுகிய மண்தரையும் தேவைப்படவில்லை. அதனால் அது மழைக்காலத்திலும் வகுப்பறை மேசைமேல் ஆடப்பட்டது. தரையின் பிடியிலிருந்து விடுபட்ட பம்பரம், பள்ளி அட்டவணையின் பிடியில் மட்டும் நின்றது.

எங்கள் பக்கத்தில் பட்டக் காலம் தை மாதத்தோடு முடிகிறது. தமிழ்நாட்டில் கோடையில் பட்டம் விடுகிறார்களாமே, காற்று எப்படிக் கிடைக்கிறது?
— வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் பக்கத்தில் காற்றும் விடுமுறையும் பண்டிகையும் ஒரே திசையில் வந்து கூடுகின்றன. வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று மார்கழி, தை மாதங்களில் சீராக வீசுகிறது, இலங்கைப் பள்ளிகளுக்கு ஆண்டிறுதி விடுமுறை வழக்கமாக டிசம்பரில் வருகிறது, பிறகு தைப்பொங்கல். கொக்கு, பிராந்து, எட்டுமூலை, படலம் என்று பல வடிவங்களில் பட்டம் கட்டிப் பார்க்கவும், காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் விண் என்ற கருவியைப் பூட்டி இரவெல்லாம் கூவவிடவும் நேரம் கிடைத்தபின், பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் போட்டி நடக்கிறது. இப்படி மூன்றும் பொருந்திவருவதால்தான் அங்கே பட்டம் கட்டுவது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பொருத்தம் இல்லை. இங்கே நல்ல காற்று ஆடியில் வருவது. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி பக்கங்களில் அது காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்கு வீசும். ஆனால் ஆடியில் பள்ளி நடக்கும். விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருவதால், சென்னை போன்ற கடலோர ஊர்களில் பிற்பகலில் எழும் கடற்காற்றை நம்பி மொட்டை மாடியில் பட்டம் விட்டார்கள். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூலால் சாலையில் செல்பவர்களின் கழுத்து அறுபட்ட கொடுமைகளுக்குப் பிறகு அது தடை செய்யப்பட்டது. அந்தத் தடை சரியானதே.

பள்ளிக்கூடங்கள் பரவாத காலத்தில் ஊர்ப்புறக் கலைகளுக்கு எது நாட்காட்டி?
— வாசகர், புதுக்கோட்டை

அறுவடையும் கோயிலும். பங்குனி தொடங்கி ஆடி வரை திருவிழாக்கள் வரிசையாக வரும். களத்தில் வேலை குறைந்திருக்கும், கையில் நெல்லோ பணமோ இருக்கும், மழை இராது, இரவு முழுவதும் திறந்த வெளியில் உட்காரலாம். தெருக்கூத்தும், சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடகங்களும், தென்மாவட்டங்களில் கொடை எனப்படும் கோயில் விழாக்களின் வில்லுப்பாட்டும் இந்த மாதங்களிலேயே வாழ்ந்தன. உங்கள் புதுக்கோட்டை நாடகக் கலைஞர்களுக்கு இன்றும் அதுவே சம்பாதிக்கும் காலம். கோடை விடுமுறை பிற்பாடு அதே மாதங்களின் மேல் வந்து படிந்தது; அதனால் திருவிழாவுக்கு ஊர் திரும்பும் வழக்கமும் பள்ளி விடுமுறையும் ஒன்றுக்கொன்று துணையாகிவிட்டன.

மார்கழி இசை விழா தெய்வ மாதம் என்பதால்தானே டிசம்பரில் நடக்கிறது?
— வாசகி, சென்னை

மார்கழியின் புனிதம் அதற்குப் பொருத்தமான உடையாக அமைந்தது. ஆனால் பிறந்த கதை வேறு. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியபோது அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு நடத்தப்பட்டது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. காங்கிரஸ் மாநாடுகள் டிசம்பர் கடைசி வாரத்தில் கூடியதற்குக் காரணம், அதில் நிறைந்திருந்த வழக்கறிஞர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை அப்போதுதான் கிடைத்தது என்பதே. ஆக, திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கும் மாதத்தின் இசை விழாவுக்குப் பின்னால் ஆங்கிலேயர் காலத்து நீதிமன்ற விடுமுறை ஒன்று ஒளிந்திருக்கிறது. இன்று அமெரிக்காவிலிருந்து பிள்ளைகளின் குளிர்கால விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் சபாக்களில் நிறைந்திருப்பதும் அதே விடுமுறையால்தான். அரையாண்டுத் தேர்வு அதே டிசம்பரில் வருவதால், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் விழாவின் முற்பகுதியைத் தவறவிடுகிறார்கள் என்பது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

ஒலிபெருக்கியில் கேட்கும் பாட்டை வைத்தே மாதத்தைச் சொல்லிவிடலாம் என்று என் தாத்தா சொல்வார். இப்போதும் அது பொருந்துமா?
— வாசகர், விருதுநகர்

பக்திப் பாடல்களைப் பொறுத்தவரை நன்றாகவே பொருந்தும். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் கேட்டால் ஆடி, சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாடல்கள் என்றால் ஆவணி, கே. வீரமணியின் ஐயப்பன் பாடல்கள் தொடங்கினால் கார்த்திகை பிறந்துவிட்டது, விடியற்காலையில் எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவை கேட்டால் மார்கழி, டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்கள் தைப்பூசத்தை அறிவிக்கும். நாகூர் ஈ.எம். ஹனீபாவின் பாடல்கள் ரமலானோடு சேர்ந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டிருக்கும். அவற்றைக் கேட்டு மாதத்தைச் சொல்ல உங்கள் தாத்தாவுக்கும் பஞ்சாங்கம் தேவைப்பட்டிருக்கும். ஒலிநாடாக் காலத்தில் கடைக்காரர்கள் இந்த வரிசைப்படியே சரக்கெடுத்தார்கள்.

திரைப்பாடல்களுக்கு இத்தகைய நிலையான மாதம் கிடையாது. ஆனால் பள்ளி ஆண்டு விழாக்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை நடப்பதால், பொங்கலுக்கு வரும் படத்தில் ஆடத்தக்க பாட்டு ஒன்று இருந்தால் அது அந்த ஆண்டு மேடை மேடையாக ஆடப்படும். மே மாதத்தில் வரும் நல்ல பாட்டு ஆண்டு விழாவுக்குள் பழசாகிவிடும். கல்லூரிகளின் கலைவிழாக்களும் பெரும்பாலும் இந்த மாதங்களிலேயே நடப்பது பொங்கல் பாட்டுக்கு மேலும் ஓர் ஆதாயம்.

பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் இந்த ஓட்டத்தில் எங்கே நிற்கின்றன?
— வாசகர், சிவகாசி

எங்களைப் பற்றியே கேட்டுவிட்டீர்கள். தீபாவளி மலர் என்ற வழக்கமே பண்டிகை விளம்பரத்தை நம்பி வளர்ந்தது; துணிக்கடையும் நகைக்கடையும் இல்லாமல் அவ்வளவு கனமான மலரை அவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுக்க எந்தப் பத்திரிகைக்கும் கட்டாது. உங்கள் ஊர் இந்த ஓட்டத்தை வேறு யாரையும்விட முன்னதாக உணரும் ஊர். ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டின் காலண்டர் மாதிரிகளை வெளியிட்டுவிடுகிறீர்கள். 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் அங்கிருந்து வந்தன. லயன் வெளியிட்ட கோடை மலர்களுக்காகத் தேர்வு நாள்களை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள் இன்று நடுவயதில் அதே இதழ்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை, சன் டிவி தன் ஒளிபரப்பைத் தொடங்கிய நாளே 1993 ஏப்ரல் 14, அதாவது தமிழ்ப் புத்தாண்டு. காலையில் பட்டிமன்றம், நண்பகலில் நடிகரின் பேட்டி, மாலையில் ‘திரைக்கு வந்து சில மாதங்களே ஆன’ படம் என்ற பண்டிகை நாள் வரிசை அதன்பின் ஒரு சடங்காகவே நிலைத்தது. அதனால் ஒரு சங்கிலி உருவானது: பொங்கலுக்குத் திரையில் வந்தது சித்திரைக்கு வீட்டுக்கு வரும், சித்திரைக்கு வந்தது தீபாவளிக்கு வரும். இணையத் தளங்களில் படம் நான்கு வாரத்திலேயே வந்துவிடும் இந்நாளில் சங்கிலி தளர்ந்திருக்கிறது. ஆனால் பட்டிமன்றத்தை எவராலும் அசைக்க முடியவில்லை.

கைப்பேசியில் எப்போதும் எல்லாம் கிடைக்கும்போது, இந்த நாட்காட்டி இனி எதற்கு?
— வாசகி, கோவை

கேள்விக்குப் பெருந்தொற்றுக் காலமே ஒரு சோதனை நடத்திக் காட்டிவிட்டது. 2020 மார்ச் முதல் பள்ளிகள் மூடப்பட்டன. சிறு வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. அந்த இடைவெளியில் கைப்பேசியும் இணையமும் பிள்ளைகளிடம் முன்னெப்போதையும்விட அதிகமாக இருந்தன. ஆயினும் வகுப்பறையில் பரவும் வகையான மோகங்கள், அட்டைகளும் கைப்பொம்மைகளும், ஏறக்குறைய இல்லாமலே போயின. வீட்டுக்குள் தனித்தனியே விளையாடிய கைப்பேசி விளையாட்டுகள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. மறுபுறம், 2021 ஜனவரி 13 அன்று, பாதி இருக்கைகளுக்கே அனுமதி இருந்த நிலையில், ‘மாஸ்டர்’ பொங்கல் படமாகவே வந்தது. பள்ளி நாட்காட்டி குலைந்திருந்தபோதும் பண்டிகை நாட்காட்டி தாங்கிப்பிடித்தது.

அடுத்த ஆண்டு நடந்ததைக் கவனியுங்கள். 2022-இல் பொதுத்தேர்வுகள் மே மாதத்துக்குத் தள்ளிப்போயின. பள்ளிகள் ஜூன் 13 அன்று திறக்கப்பட்டன. வழக்கமாகக் கட்டணமும் சீருடையுமாகக் கழியும் ஜூன் முதல் வாரம், அந்த ஆண்டு விடுமுறையாகவே இருந்தது. ஜூன் 3 அன்று வெளிவந்த ‘விக்ரம்’ அந்தப் பத்து நாளையும் முழுதாக அறுவடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று, காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் சேரும் வாரத்தில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வந்தது. இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று, கோடை விடுமுறையின் தொடக்கத்தில் வந்தது. 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த கதையைப் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றால், பேத்திக்கு விடுமுறை இருக்க வேண்டும்.

குறுங்காணொளிகளும் இதற்கு விலக்கல்ல. தேர்வு முடிவு வரும் நாளில் மதிப்பெண் பற்றிய கேலிகள், ஜூனில் ‘பள்ளி திறக்கிறது’ என்ற புலம்பல்கள், பொங்கலுக்கு வேட்டி சேலை ஆட்டங்கள் என்று அவையும் அதே சக்கரத்தில்தான் சுற்றுகின்றன. ஒரு வேறுபாடு உண்டு. முன்பு ஓர் ஊரின் மோகம் அடுத்த ஊருக்குச் செல்ல விடுமுறையும் பேருந்தும் தேவைப்பட்டன. இப்போது அது ஒரே மாலையில் சென்றுவிடுகிறது. அதனால் ஜூன் மாதம் பாட்டி ஊரிலிருந்து புதிய விளையாட்டோடு வரும் பையனுக்கு முன்பிருந்த மதிப்பு இப்போது இல்லை. அவன் கொண்டுவருவதை வகுப்பு ஏற்கெனவே பார்த்திருக்கிறது.